குண்டுப் பையனின் உறக்கம்

டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836-37இல் மாதத் தவணைகளாக வெளிவந்தபோது, வார்டில் வீட்டு வேலைக்காரப் பையன் ஜோவைக் கண்டு வாசகர்கள் சிரித்தார்கள். ஓயாது உண்பான்; ஏவிய வேலைக்குப் போகையிலும் உறங்குவான்; உணவு பரிமாறும்போதே குறட்டை விடுவான். காலில் கிள்ளினால்தான் எழுவான். நாமும் சிரித்துத்தான் வாசித்திருக்கிறோம். சிவந்த முகத்தையும், நீர்க்கோவை நோயைச் சுட்டி அவனைக் கேலியாய் அழைக்கும் பெயரையும் டிக்கன்ஸ் சேர்த்தே எழுதியிருக்கிறார் என்பதை நாம் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் மருத்துவர்கள். 1956இல் அமெரிக்காவில் பர்வெல் குழுவினர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். 51 வயது, 260 பவுண்டுக்கு மேல் எடை. வாராந்தரப் போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையிலிருக்கத் தூங்கிப்போய், வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தை விட்டவர். அவர் இரத்தத்தில் கரியமிலவாயு மிகுந்திருந்தது. அந்நிலைக்கு அவர்கள் ‘பிக்விக்’ பெயரையே சூட்டினர். நியாயமாக அது ஜோவின் பெயரைத்தான் பெற்றிருக்க வேண்டும். வேலைக்காரனின் நோய்கூட எஜமானர் கணக்கில் போய்விட்டது.

அதே 1956இல் சூரிச்சில் பிராடர், லாப்ஹார்ட், வில்லி மூவரும் வேறொரு நோயை ஒன்பது பேரிடம் கண்டு விவரித்தனர். பிறந்தபோது துவண்டு, பால் உறிஞ்சவும் வலுவற்றிருக்கும் குழந்தை சில ஆண்டுகளில் தீராப் பசிக்கு ஆளாகிறது. பதினைந்தாம் குரோமோசோமில் தந்தைவழி வந்து செயல்பட வேண்டிய மரபணுக்கள் இல்லாமையே காரணம். தாய்வழிப் பிரதி இயல்பாகவே மௌனமாயிருக்கும். பசியடங்கியதை உணர்த்தும் ஹைபோதலாமஸ் பழுதுபட்டிருக்க, பேராசை என்று வையப்படுவது குழந்தை. பருமனும் தளர்ந்த தசையும் குறுகிய தொண்டையும் சேர்ந்து இரவில் மூச்சை நிறுத்துகின்றன. பருமன் இல்லாதவர்க்கும் பகலுறக்கம் உண்டு. மூளையே அதற்குக் காரணமாகலாம்.

குரோமோசோம் குறைபாட்டை லெட்பெட்டர் குழுவினர் அறிவித்த 1981இலேயே, சிட்னியில் சல்லிவன் மூக்குவழி காற்றழுத்தம் தந்து உறக்க மூச்சடைப்பைத் தடுக்கும் முறையை வெளியிட்டார்.

2000இல் இக்குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் தர அமெரிக்கா அனுமதித்தது. தசை வலுப்பட்டது. ஆனால் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் சிலர் இறந்த செய்திகளும் வந்தன. கடும் பருமனும் மூச்சுத் தடையும் உள்ளவர்களே பலர். எனவே இன்று உறக்கப் பரிசோதனைக்குப் பின்பே ஊசி.

ஜோவுக்கு இருந்தது இந்நோய்தானா? அப்படிக் கருதிய மருத்துவர்கள் உண்டு. அவனுடைய மழலைப்பருவத்தை டிக்கன்ஸ் சொல்லாததால் நாம் தீர்ப்பெழுத மாட்டோம். இந்நோயின் பசிக்கென்றே அமெரிக்கா முதல் மருந்தை அனுமதித்தது 2025 மார்ச்சில்தான். அதுவரை பெற்றோருக்கு இருந்த முக்கிய வழி, சமையலறைக்குப் பூட்டு.