கடாரம் கொண்ட ஆண்டு: 1025

தொடக்கநிலை ஐந்தில் பயிலும் என் மாணவன் ஒருவனின் கட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: 'இராஜேந்திர சோழன் சிங்கப்பூரை வென்று ஆட்சி செய்தான்.' எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழையும் இல்லை. ஆயினும் சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுத்தேன். அவன் முகம் வாடிவிட்டது. "தமிழர் பெருமையைத்தானே எழுதினேன், ஐயா?" என்றான். அவனுக்காகவும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

பிள்ளைகளே! துவாஸ் கரையில் நின்று பாருங்கள். ஒருபுறம் ஜொகூருக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம். மறுபுறம் பெரிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். கடலில் வரிசையாகக் கப்பல்கள். மேற்கே சற்றுத் தொலைவில் மலாக்கா நீரிணையின் தென்வாயில் இருக்கிறது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே செல்லும் வணிகக் கப்பல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இவ்வழியையே பெரிதும் நாடின. அந்நாளில் இந்நீரிணையில் ஆதிக்கம் செலுத்தியது ஸ்ரீவிஜயப் பேரரசு. சுமத்திராவின் பலெம்பாங் அதன் தலைநகர். வடக்கே கடாரம், அதாவது இன்றைய கெடா, அதன் மற்றொரு பெருந்துறை. வழியின் இரு முனைகளும் ஒருவர் கையில் இருந்தால், சுங்கம் யார் கைக்குப் போகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சோழரும் ஸ்ரீவிஜயரும் தொடக்கத்தில் பகைவர் அல்லர். ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினர். சைவனாகிய இராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயையே கொடையாக அளித்தான். 21 செப்பேடுகளில் அச்செய்தி பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் அவை நெதர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன.

இருபது ஆண்டுகள்கூடச் சரியாக நிறையவில்லை. 1025இல் இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் அலைகடல் மீது கப்பற்படையைச் செலுத்தினான். ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அவனுடைய யானைகளும் பெருஞ்செல்வமும் வித்தியாதர தோரணம் என்னும் அணிவாயிலும் சோழர் வசமாயின. தாக்கப்பட்ட 13 இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அடுக்கிச் சொல்கிறது. மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், நக்கவாரம் என்று நீளும் அப்பட்டியல் கடாரத்தில் முடிகிறது. நக்கவாரம் என்பது நிக்கோபார்.

படையெடுப்பின் காரணத்தை அக்கல்வெட்டு கூறவில்லை. சீன வணிகத்தில் எழுந்த போட்டியே காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இப்போது அந்தக் கட்டுரை வரிக்கு வருவோம். 13 பெயர்களுள் சிங்கப்பூர் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மேலும், இராஜேந்திரன் இந்நாடுகளைத் தஞ்சையைப்போல் மண்டலம், வளநாடு என்று பிரித்து ஆளவில்லை. 1028இலேயே ஸ்ரீவிஜயத் தூதர்கள் சீன அரசவைக்கு மீண்டும் சென்றுவிட்டனர்! அரசு விழவில்லை, ஆனால் நீரிணையில் அதன் பிடி தளர்ந்தது. அத்தளர்ச்சியால் தமிழ் வணிகர்க்குக் கதவு அகலத் திறந்தது. 1088இல் சுமத்திராவின் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டு வெட்டி வைத்தனர். 1090இல் கடாரத்தரசனின் தூதர்கள் வேண்டியபடி, முதலாம் குலோத்துங்கன் அதே நாகப்பட்டினத்து விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான்.

நானும் இளமையில் "கப்பலேறி வென்றான்!" என்று குரலுயர்த்திச் சொல்லிவிட்டுப் பாடத்தை அங்கேயே முடித்தவன்தான். பின்னால் வந்த இந்த அறுபத்தைந்து ஆண்டுக் கதையைச் சொன்னதே இல்லை. அது என் குறை.

இதையெல்லாம் சொன்னபின் அம்மாணவன் கேட்டான்: "என் பக்கத்தில் உட்காரும் நண்பன் மலாய்க்காரன். அவனுடைய முன்னோர் நமக்கு எதிரிகளா, ஐயா?"

அதற்கு மலாய் நூலாகிய 'செஜாரா மெலாயு'விலிருந்து ஒரு கதை சொன்னேன். கெலிங் நாட்டுப் பேரரசன் ஒருவன் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக்கில் தங்கினானாம். ஏடுகள் அவனை ராஜா சூலான் என்றும் ராஜா சூரான் என்றும் அழைக்கின்றன. சோழன் என்னும் பெயரின் எதிரொலியே இது என்பர் அறிஞர் சிலர். சீனர் ஒரு கப்பலில் பல்விழுந்த கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் ஏற்றி அனுப்பினார்களாம். "நாங்கள் புறப்பட்டபோது இளைஞர்கள், இவ்வூசிகள் பருத்த இரும்புக்கம்பிகள், இம்மரங்கள் வெறும் விதைகள்" என்றனராம் அக்கிழவர்கள். சீனம் அவ்வளவு தொலைவா என்று மலைத்து அரசன் திரும்பிவிட்டான். பிறகு கடலுக்கடியில் இறங்கி ஓர் இளவரசியை மணந்தான். சிங்கபுரத்தை நிறுவிய ஸ்ரீ திரி புவனா அவ்வழியில் வந்தவன் என்கிறது அந்நூல். படையோடு வந்தவனை மலாய்க் கதை தன் அரசருக்குப் பாட்டனாக்கிக் கொண்டது, பாருங்கள்!

மறுநாள் கட்டுரை திரும்பி வந்தது. அந்த வரியை அடித்துவிட்டு ஊசிக் கதையை எழுதியிருந்தான். 'துருப்பிடித்த' என்பதில் மட்டும் 'ப்' விடுபட்டிருந்தது.