ஓரத்தில் ஓடிய நந்தகுமார்

சீர்காழிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மூன்று குச்சி நட்டால் கிரிக்கெட் தயார். கால்பந்து என்றால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பையை டிவியில் பார்ப்பதோடு சரி. ஜெர்மனி, பிரேசில் அணிகளின் விங்கர்கள் பெயர் பலருக்கு மனப்பாடம். ஆனால் நந்தகுமார் சேகர்? "யார் அது?" என்றுதான் கேட்பார்கள்.

முதலில் விங்கர் என்றால் யார் என்று பார்த்துவிடலாம். மைதானத்தின் பக்கக் கோட்டை ஒட்டி ஓடுபவர். எதிரணித் தடுப்பாட்டக்காரரை ஏமாற்றிப் பந்தை உள்ளே அனுப்புவது அவர் வேலை. கோல் விழுந்தால் பேர் பெரும்பாலும் நடுவில் நின்று அடித்தவருக்குத்தான்!

நந்தகுமார் 1995-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை லீகில் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணியில் ஆடி, 2017-ல் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீகில் இறங்கினார். அதே ஆண்டு ஐ.எஸ்.எல். அணியான டெல்லி டைனமோஸ் அவரை எடுத்துக்கொண்டது. பெரிய லீக், பெரிய அணி. ஆனால் 2018-19 பருவத்தில் டெல்லி அவரைச் சென்னை சிட்டிக்கே கடனாக அனுப்பியது.

கால்பந்தில் இது சாதாரணம். காமர்ஸ் படிப்பவர்கள் சொல்வதுபோல், சும்மா கிடக்கும் சொத்தை வெளியே விட்டால் அதன் மதிப்பு தெரியும். இங்கும் அதுதான் நடந்தது. 2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டும், சென்னை சிட்டி 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். இரண்டாம் இடத்துக்கு 42. அந்த ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை இழந்த அணி எது தெரியுமா? கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி அணி 2019-ல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. நந்தகுமாரும் கூடவே போனார். 2023 ஏப்ரலில் ஒடிஷா சூப்பர் கோப்பையை வென்றது. அந்த ஆண்டே இந்திய அணிச் சட்டையும் கிடைத்தது. பிறகு அவர் சேர்ந்த இடம் ஈஸ்ட் பெங்கால்!

அப்போது அந்த அணியின் நிலைமை பரிதாபம். பரம எதிரியான மோகன் பகானிடம் தொடர்ந்து 8 தோல்விகள். கடைசியாக ஜெயித்தது 2019 ஜனவரியில். 2023 ஆகஸ்ட் 12, சால்ட் லேக் ஸ்டேடியம், டூரண்ட் கோப்பை. 60-வது நிமிடம் வலது ஓரத்தில் பந்தை வாங்கிய நந்தகுமார், அனிருத் தாபாவை ஏமாற்றி உள்ளே வந்து இடது காலால் வளைத்து அடித்தார். பந்து தூரத்து மூலையில் போய் விழுந்தது. 1-0! நாலரை வருடக் காத்திருப்பு ஒரே அடியில் முடிந்தது.

அதோடு நிற்கவில்லை. அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் சமன் செய்த கோலும் அவருடையதே. பெனால்டியில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. இறுதியில் மோகன் பகானிடம் தோற்றாலும், 2024 ஜனவரி சூப்பர் கோப்பையில் கணக்கு தீர்ந்தது. மோகன் பகானை 3-1 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல். இறுதியில் தன் பழைய அணியான ஒடிஷாவுக்கு எதிராக ஒரு கோல். 3-2 வெற்றி. ஈஸ்ட் பெங்காலுக்கு 12 வருடத்துக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை!

எல்லாம் வெற்றிதான் என்று நினைக்க வேண்டாம். அதே 2023-24 ஐ.எஸ்.எல்.-லில் ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்தது 9-வது இடம்தான்.

இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. நந்தகுமாருக்கு முதல் வாய்ப்பும், கடனாக வந்தபோது கோப்பையும் தந்த சென்னை சிட்டி, சாம்பியனான சில ஆண்டுகளிலேயே ஐ-லீகை விட்டு மறைந்துவிட்டது. ஆட்டக்காரர் தப்பித்தார், அணி தப்பிக்கவில்லை. அடுத்த நந்தகுமார் எந்த அணியில் தொடங்குவார்? நேருக்கும் காலியிடம் வேண்டுமல்லவா! நாற்றங்கால் இல்லாமல் நடவு நடக்காது என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.