மஞ்சள் தாளில் பிறந்த பந்தயம்

உலகின் மிகப் புகழ்பெற்ற துவிச்சக்கரவண்டி ஓட்டப்போட்டியான டூர் டி பிரான்ஸ், இரண்டு பத்திரிகைகளுக்கிடையிலான விற்பனைப் போட்டியின் விளைவாகத் தோன்றியது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஏறத்தாழ முப்பது வருடங்களாகப் பத்திரிகைத்துறையில் இருப்பவன் என்ற வகையிலும் இந்தப் போட்டியின் இரசிகன் என்ற வகையிலும் அதன் வரலாறு எனக்கு நெருக்கமானது. அந்த வரலாற்றின் ஒரு மூலையில் எனது தவறு ஒன்றும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸை இரண்டாகப் பிளந்தது ட்ரைஃபஸ் விவகாரம். பச்சைத் தாளில் வெளிவந்த 'லு வெலோ' என்ற விளையாட்டு நாளேட்டின் ஆசிரியர் பியர் ஜிஃபார், ட்ரைஃபஸின் பக்கம் நின்றார். அதனால் சினமுற்ற டி டியோன் பிரபுவும் அவரைச் சார்ந்த தொழிலதிபர்களும் 1900 ஒக்டோபரில் எதிர்ப் பத்திரிகையொன்றைத் தொடங்கினர். மஞ்சள் தாளில் அச்சான அப்பத்திரிகையே பின்னர் 'லோத்தோ' எனப் பெயர் பெற்றது. எதிர்பார்த்த அளவுக்கு அது விற்பனையாகவில்லை. 1902 நவம்பரில் ஜெயோ லெஃபெவ்ர் என்ற இளம் செய்தியாளர், நாட்டையே சுற்றிவரும் பந்தயம் ஒன்றை நடத்தலாம் என்றார். ஆசிரியர் ஆன்றி டெகிரான்ஜ் சற்றுத் தயங்கிய பின்னர் ஏற்றுக்கொண்டார்.

1903 ஜூலை 1ஆம் திகதி 60 வீரர்கள் புறப்பட்டனர். ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீற்றர் தூரம். முடித்தவர்கள் 21 பேர்; முதல்வர் மொரிஸ் கராங். லோத்தோவின் விற்பனை இரண்டு மடங்கையும் தாண்டியது. அடுத்த வருடம் 'லு வெலோ' மூடப்பட்டது. 1919இல் முன்னணி வீரருக்கு அளிக்கப்பட்ட மஞ்சள் ஜேர்சி, அப்பத்திரிகைத் தாளின் நிறம் என்பதே பொதுவான விளக்கம்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீதியோரத்தில் மணிக்கணக்காகக் காத்துநிற்கும் இரசிகன் வீரர்களைக் காண்பது சில விநாடிகள் மட்டுமே. மற்ற அனைத்தையும் மறுநாள் பத்திரிகையில்தான் அவன் வாசித்தான். எழுதியவரை நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழியிருக்கவில்லை.

அந்த நம்பிக்கை ஆரம்பத்திலேயே சோதனைக்குள்ளானது. 1904இல் கராங் உட்பட முதல் நான்கு இடங்களைப் பெற்றவர்களும் தகுதிநீக்கம் செய்யப்பட்டு, ஐந்தாவதாக வந்த ஆன்றி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். 1924இல் பந்தயத்திலிருந்து விலகிய பெலிசியே சகோதரர்கள், கூத்தாங்ஸ் நகரின் சிற்றுண்டிச்சாலையொன்றில் தாங்கள் பயன்படுத்தும் கொக்கெயினையும் குளோரோஃபோமையும் மாத்திரைகளையும் எடுத்துக் காட்டியதாக அல்பேர் லொண்ட்ர் எழுதினார். அவர் விளையாட்டுச் செய்தியாளர் அல்லர். அதற்குச் சற்று முன்னர் பிரெஞ்சு கயானாவின் கைதிகளைப் பற்றி எழுதியவர். 1967இல் மோன் வெந்து மலையில் டொம் சிம்சன் உயிரிழந்தார். 1998இல் ஃபெஸ்டினா அணியின் வாகனத்தில் ஊக்கமருந்துகள் பிடிபட்டன.

அடுத்த வருடம், புற்றுநோயிலிருந்து மீண்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வென்றார். அப்போது நான் கொழும்பு நாளேடொன்றில் இரவுப் பணியில் இருந்தேன். நம் நேரப்படி இரவு ஒன்பது மணியளவில் கட்ட முடிவுகள் வந்துசேரும். யாரும் கேளாமலே அவற்றை மொழிபெயர்ப்பேன். அவர் வென்ற அன்று மரணத்தை வென்ற மனிதன் என்று தலைப்பிட்டேன். முந்திய வருடத்து ஃபெஸ்டினாவைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதவில்லை.

ஐயங்கள் எழாமலில்லை. 2004இல் டேவிட் வோல்ஷும் பியர் பலஸ்தேரும் நூலொன்றை வெளியிட்டனர். 2005 ஆகஸ்ட் 23ஆம் திகதி, ஆம்ஸ்ட்ரோங்கின் 1999ஆம் ஆண்டு மாதிரிகளில் ஈபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததாக 'லெகிப்' செய்தி வெளியிட்டது. லோத்தோவின் வாரிசாக 1946இல் தோன்றிய நாளேடு அது. பந்தயத்தை நடத்தும் நிறுவனத்தின் உரிமையாளர்களே அதற்கும் உரிமையாளர்கள். தமது குடும்பத்துச் சொத்தையே பாதிக்கக்கூடிய செய்தியை அவர்கள் முதற்பக்கத்தில் போட்டார்கள். நானோ அதை நான்கு வரிகளாகச் சுருக்கிப் பக்கத்தின் அடியில் வைத்தேன். ஆம்ஸ்ட்ரோங்கின் மறுப்புக்கு அதைவிடக் கூடுதல் இடம் கொடுத்தேன். எவரும் என்னை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. எனக்குள் இருந்த இரசிகன் செய்த வேலை அது.

2012 ஒக்டோபரில் அவருடைய ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். 1999 முதல் 2005 வரையிலான வெற்றியாளர் பட்டியல் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

ஜூலை வந்தால் இப்போதும் பார்க்கிறேன். மலையேற்றத்தில் ஒருவர் தனித்துப் பிரிந்து முன்னேறும்போது மனம் இப்போதும் துள்ளுகிறது. மறுநாள் அவரைச் சந்தேகித்து எழுதியவர்களையும் முழுமையாக வாசிக்கிறேன். அன்று நான் சுருக்கிய நான்கு வரிகளைத் திருத்த அந்தப் பத்திரிகையில் எனக்கு இனி இடமில்லை. ஆதலால் இங்கே பதிந்துவைக்கிறேன்.