வன்னியில் கள்ளின் தரமும் விலையும்

வவுனியா நகரை அண்டிய நெளுக்குளத்திலிருந்து வடக்கே பூநகரி வரைக்கும், கிழக்கே முல்லைத்தீவுக் கரை வரைக்கும் பரந்த வன்னிப் பெருநிலத்தில், உழைப்பவர் கைக்கு எட்டிய மது நெடுங்காலமாகக் கள்தான். வயலிலும் காட்டிலும் கடலிலும் வேலை செய்தவர்கள் அந்தி சாயும் வேளையில் சிறு காசுக்கு வாங்கிக் குடித்தது அது. ஒரு போத்தல் கள்ளின் பெறுமதியை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்குச் சீவுபவர், குடிப்பவர், குத்தகைக்காரர், அரசு, கூட்டுறவுச் சங்கம் என்று ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. கள்ளுத் தொழிலின் வரலாற்றை அந்த விடைகளின் வழியே தொடரலாம்.

வன்னியில் பனை எங்கும் ஒரே அளவில் நிற்பதில்லை. பூநகரியிலும் முல்லைத்தீவுக் கரையோர மணற்பாங்கிலும் அது அடர்ந்து வளர்கிறது. வன்னியை அடுத்த பளைப் பக்கம் தென்னைக்குப் பெயர்போனது. வவுனியா மாவட்டமோ குளங்களையும் நெல்வயல்களையும் காட்டையும் கொண்ட நிலம். ஊர்ப் பெயர்களே பெரும்பாலும் குளத்தில் முடிகின்றன. அங்கே பனை ஒப்பளவில் குறைவு. மரத்தடியில் இறக்கிய கையோடு குடிக்கும் கள்ளும், கலனில் நிறைத்து வெயிலில் தொலைவழி வந்த கள்ளும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே மரத்துக்கும் குடிப்பவருக்கும் இடையிலான தூரமே கள்ளின் தரத்தில் பாதியைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

பனையில் ஆண், பெண் என இரு வகை மரங்கள் உண்டு. இரண்டின் பாளையையும் சீவலாம். விதையிலிருந்து முளைத்த பனை பாளை விடுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். சீவல் தொழிலாளி காலில் தளைநாரும் இடுப்பில் பாளைக்கத்தியுமாக ஏறி, பாளையைக் கட்டி, தட்டி, நசித்து, நுனியை மெல்லியதாகச் சீவி, அதன் கீழே முட்டியைக் கட்டுகிறார். காலையும் மாலையும் இது தொடர வேண்டும். சீவ மறந்த பாளை வற்றிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டு இனிப்பான கருப்பணி கிடைக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. அது குட்டான்களில் அடைக்கப்பட்டுச் சந்தைக்குப் போகும். சுண்ணாம்பு இடாத முட்டியில் இறங்குவது கள். பனங்கள் பெரும்பாலும் ஆண்டின் முற்பாதிக்குரியது. பருவம் தவறிய மாதங்களில் தென்னங்கள் அந்த இடத்தை நிரப்புகிறது.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் பத்து வீதத்துக்கும் மேல் வெல்லம் இருக்கும். காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் அந்த வெல்லத்தை உடனே மதுசாரமாக மாற்றத் தொடங்குகிறது. கூடவே இலத்திக்கமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்களும் வேலை செய்கின்றன. கள்ளின் மெல்லிய புளிப்பு அவற்றால் வருவது. ஒரு நாளுக்குள் மதுசாரம் ஏறத்தாழ ஐந்து வீதத்தை எட்டும். அதற்குப் பின் அசற்றிக்கமிலப் பற்றீரியா மேலோங்கி, கள் வினாகிரியாகத் திரும்பும். முட்டியைக் கழுவாமல் பழைய மண்டியோடு கட்டினால் நொதித்தல் விரைந்து நடக்கும். கழுவி உலர்த்திக் கட்டினால் இனிப்புக் கூடுதல் நேரம் நிற்கும். குடிப்பவர் விரும்பும் கள்ளைச் சீவுபவர் மரத்தின் உச்சியிலேயே ஆக்கிக்கொள்கிறார்.

இதனால் கள்ளைச் சுவைத்து மதிப்பிடும் முறை நேரத்தைக் கணிக்கும் முறையாக வளர்ந்தது. பன்னாடையால் வடித்து, பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றியதும், குடிப்பவர் முதலில் நுரையைப் பார்ப்பார். நுரை சிறு மணிகளாக எழுந்து சற்று நேரம் நின்றால் கள் உயிரோடு இருக்கிறது. எழுந்தவுடன் அமர்ந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது கள் வயது போயிருக்கலாம். நிறம் பால் கலங்கிய வெள்ளையாக இருக்க வேண்டும். மூக்குக்கு எட்டும் மணத்தில் பழவாசனை முன்னும் புளிப்பு பின்னும் வர வேண்டும். வினாகிரியின் காரம் முதலில் வந்தால் அந்தக் கள்ளுக்கு முழு விலை கொடுக்க எவரும் இசையார். நாவில் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது நல்ல கள். விழுங்கிய பின்னும் நாக்கில் ஒட்டும் தித்திப்பு, சீனி கரைத்ததன் அடையாளம். உடன்கள்ளை விரும்புபவரும் நன்றாய்ப் புளித்ததைத் தேடுபவரும் வெவ்வேறு நேரத்தில் வருவார்கள். ஒரே முட்டி இருவருக்கும் உதவும். குடிக்காத வீட்டுக்கும் கள் போனது. அப்ப மாவைப் புளிக்க வைக்க ஒரு சிறங்கை கள் போதும். மறுநாள் அப்பம் எப்படிப் பொங்கியது என்பதே அந்த வீட்டுப் பெண்கள் கள்ளுக்குக் கொடுத்த தரச்சான்று.

பழைய ஊர் ஒழுங்கில் கள்ளின் விலை காசாக மட்டும் இருக்கவில்லை. மரம் ஒருவருடையது, ஏறுபவர் வேறொருவர். இறங்கிய கள்ளில் மரத்துக்குரியவர் ஒரு பங்கை எடுத்தார், அல்லது மரத்துக்கு வாடகை வாங்கினார். சீவல் தொழில் நளவர், பள்ளர் சமூகங்களின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் இறக்கிய கள்ளை எல்லாச் சாதியினரும் குடித்தார்கள். ஆனால் அந்தக் கைகளுக்குக் கிணறும் கோயிலும் தேநீர்க்கடைக் குவளையும் மறுக்கப்பட்டன. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும் 1960களின் பிற்பகுதியில் வடக்கில் ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் போராட வேண்டியிருந்தது. கள்ளின் பெறுமதியைக் கணக்கிடும்போது இந்த அநீதியைச் சேர்க்காத எந்தக் கணக்கும் குறையுடையது. உயிரைப் பணயம் வைத்து ஏறியவரின் உழைப்பு அந்த விலைக்குள் ஒருபோதும் முழுமையாக அடங்கவில்லை.

குடியேற்ற ஆட்சி கள்ளை வருமானமாகக் கண்டது. மது விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடும் முறையில், கூடிய தொகை கேட்டவர் தவறணை எனப்படும் மதுக்கடையை நடத்தினார். அவர் கட்டிய குத்தகைப் பணம் ஒவ்வொரு போத்தலின் மேலும் ஏறியது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளு விற்பனையைச் சாராயத்திலிருந்து பிரித்து ஒழுங்குபடுத்தியது. நாடெங்கும் கள்ளுத் தவறணைகள் பெருகும் என்ற அச்சம் அப்போது எழுந்த மதுவிலக்கு இயக்கத்துக்கு வலுச்சேர்த்தது. வடக்கில் மரவரி முறையும் நடைமுறையில் இருந்தது. அதில் சீவப்படும் மரத்துக்கு வரி. கள் நல்லதா கெட்டதா என்பது வரிக்குப் பொருட்டல்ல. நன்றாகச் சுரக்கும் மரமும் சோர்ந்த மரமும் ஒரே வரியைச் சுமந்தன. அரசின் கணக்கில் கள் மரத்தின் எண்ணிக்கையாக மாறியது. குடிப்பவரின் நாக்குக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

1972 இல் இந்த ஒழுங்கு மாறியது. தனியார் குத்தகைக்குப் பதிலாகச் சீவல் தொழிலாளர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவை பின்னர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என அறியப்பட்டன. உறுப்பினர் தம் கள்ளைச் சங்கத் தவறணைக்குக் கொண்டுவர, அங்கே அளந்து, போத்தல் கணக்கில் விலை குறிக்கப்படும். அந்த வரவிலிருந்து சேமிப்புக்கு ஒரு பகுதி கழிக்கப்படும். சாதியால் ஒதுக்கப்பட்டோர் தம் உற்பத்திக்குத் தாமே விலை வைக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தினார்கள் என்பதுதான் இந்த மாற்றத்தின் பெரும் பேறு. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மிஞ்சிய கள்ளுக்கு வடமராட்சியின் திக்கம் வடிசாலை போன்ற இடங்கள் வழி திறந்தன. புளித்துப் போன கள்ளுக்குத் தவறணையில் விலையில்லை. வடிசாலைக்கோ மதுசாரத்தின் அளவே முக்கியம். இவ்வாறு நாவின் அளவுகோலோடு மதுசார அளவுகோலும் வந்து சேர்ந்தது. கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைக்கும் முயற்சியும் நடந்தது. நொதித்தலை நிறுத்தினால் கள் தொலைதூரம் போகும், புலம்பெயர்ந்த தமிழரின் கைக்கும் எட்டும். ஆனால் பிளாவில் எழும் நுரையும் புதுமையும் அதில் குறையும்.

தென்னமெரிக்காவின் மலிவான சிவப்பு வைனின் வரலாறு கள்ளின் வரலாற்றுக்கு நல்ல ஒப்பீடு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் திருப்பலித் தேவைக்கும் அன்றாடக் குடிக்குமாகத் திராட்சைக் கொடியைச் சிலிக்குக் கொண்டுசென்றனர். பாயிஸ் என்ற எளிய திராட்சை அங்கே நூற்றாண்டுக் கணக்கில் உழைப்பவரின் வைனைக் கொடுத்தது. 1853 இல் ஆர்ஜென்டீனாவின் மெண்டோசாவில் மல்பெக் வேரூன்றியது. சிலியில் மெர்லோ என்று விற்கப்பட்டு வந்த திராட்சையில் பெரும்பகுதி கார்மெனேர் என்று 1994 இல்தான் அடையாளம் காணப்பட்டது. வைனை மதிப்பிடுபவர் திராட்சை இனம், நிலம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்கிறார். கள்ளை மதிப்பிடுபவர் கேட்பது மரம் எங்கே நின்றது, எந்த வேளையில் இறங்கியது, யார் சீவியது என்பவற்றை. வைனின் காலக்கணக்கு ஆண்டுகளில், கள்ளினுடையது மணிகளில். பழந்தமிழர் இரண்டையும் அறிந்திருந்தனர்: யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56 ஆம் பாடல் குறிக்கிறது, அத்தகைய மது வந்த சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன. திராட்சை மது வடக்குக்கு இன்றும் அந்நியமில்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் பெயர் நெல்லிரசத்தோடும் வைனோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

உள்நாட்டுப் போர் கள்ளுத் தொழிலை அடியோடு உலுக்கியது. பனங்குற்றிகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டப்பட்டன. 1995 இன் பெரும் இடப்பெயர்வில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்களில் சீவல் குடும்பங்களும் இருந்தன. 2009 இல் வன்னி மக்கள் மீண்டும் பெயர்க்கப்பட்டபோது வவுனியாவின் பாடசாலைகளும் முகாம்களாயின. ஏற மரம் இல்லாத இடத்தில் சீவுபவரின் திறனுக்கு விலை இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பின் பனம்விதை நடுகை நடந்தாலும், நட்ட விதை பாளை விட ஒரு தலைமுறை செல்லும். இளைஞர் பலர் ஏற விரும்புவதில்லை. விழுந்து முடங்குவதன் அச்சமும் பழைய சாதி இழிவின் நினைவும் அதற்குக் காரணங்கள். ஒரு பக்கம் பியரும் சாராயமும், மறுபக்கம் சட்டவிரோதக் கசிப்பும் கள்ளோடு போட்டியிடுகின்றன. வரத்துக் குறையும்போது தண்ணீர், சீனி கலக்கும் தீய வழக்கம் தலைகாட்டுகிறது. அது நேர்மையாகச் சீவுபவரின் விலையையும் சேர்த்து இறக்குகிறது.

கடலின் மறுகரையில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அண்டையிலுள்ள கேரளத்தில் கள் சட்டத்துக்குட்பட்ட தொழில். இலங்கையின் வடக்கில் அது கூட்டுறவின் கீழ் நிலைத்ததால் மூன்று பயன்கள் விளைந்தன: தொழிலாளருக்குச் சங்கம், குடிப்பவருக்கு ஓரளவு உறுதியான தரம், தரம் அறியும் பழைய நாவறிவின் தொடர்ச்சி. மர எண்ணிக்கையும் மதுசார வீதமும் போத்தல் அளவும் வணிகத்துக்குத் தேவையானவை. ஆயினும் அவற்றால் நல்ல கள்ளை உண்டாக்க முடியாது. கழுவிய முட்டி, கூரிய கத்தி, தவறாத வேளை ஆகிய மூன்றும் சீவுபவரின் கையில் உள்ளன. அந்தக் கைக்கு உரிய விலை கிடைக்கும் இடத்தில்தான் கள்ளின் தரமும் நிற்கும்.