காதைத் தொட்ட காலமும் ஜனவரி முதல் நாளும்



குறுக்கோட்டமும் திடல்தடப் போட்டிகளும் தொடங்கும் காலத்தில் ஆசிரியர் அறையில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பிள்ளை எந்த ஆண்டில் பிறந்தவன்?" என்பதே அது. எப்படி ஓடுவான், எவ்வளவு தூரம் தாண்டுவான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 12 வயதுக்குக் கீழ், 15 வயதுக்குக் கீழ் என்று கோடு போட்டுப் பிள்ளைகளைப் பிரிக்கிறோம். கோட்டுக்கு உள்ளே இருப்பவன் ஆடுகிறான். வெளியே இருப்பவன் வேடிக்கை பார்க்கிறான். நமது நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிள்ளைகளின் வயதை யார், எதைக்கொண்டு கணக்கிட்டார்கள்? உலக அரங்கில் இந்தக் கோடு எப்படியெல்லாம் நகர்ந்தது? இவற்றை அறிந்துகொண்டால், பட்டியல் தயாரிக்கும்போது நம் பார்வை சற்று மாறும் என்பது என் எண்ணம்.

உடலே சான்றிதழாக இருந்த காலம்

பிறப்புச் சான்றிதழ் பரவலாவதற்கு முன் தமிழ் ஊர்களில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு சோதனை இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதை எட்டினால் பள்ளிக்கு வரலாம். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் இதே சோதனை இருந்திருக்கிறது. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஏறத்தாழ ஆறேழு வயதில்தான் கை நீண்டு காதை எட்டும். அந்தச் சோதனை பிறந்த நாளைக் கேட்கவில்லை. வளர்ந்த அளவைக் கேட்டது.

பிறந்த நாள் தெரியாது என்பதும் இல்லை. நம் பாட்டிமார்களுக்குப் பேரப்பிள்ளையின் நட்சத்திரம் தெரியும். ஆடியில் பிறந்ததா, தையில் பிறந்ததா என்பது தெரியும். ஆண்டு மட்டும் நிகழ்ச்சிகளோடு சேர்ந்தே நினைவில் நின்றது. "ஜப்பான்காரன் வந்தபோது கைக்குழந்தை", "அவசரகாலத்தில் முள்வேலி போட்டபோது நடக்கத் தொடங்கிவிட்டான்" என்றே தோட்டத்துப் பெரியவர்கள் வயது சொன்னார்கள். வாழ்க்கைக்கு அது போதும். சட்டத்திற்கும் போட்டிக்கும் போதாது.

பிள்ளைகளிடம் தனியாக ஒரு வயது விதி இருந்தது. கிட்டிப்புள் ஆடும்போதும் ரவுண்டர்ஸ் ஆடும்போதும் அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வரும் பொடியனை விரட்டமாட்டார்கள். 'உப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் அடிக்கலாம், ஓடலாம். ஆட்டமிழந்தாலும் கணக்கில் வராது. பெயர் கேலியாக இருந்தாலும் அதனுள் ஓர் அறம் இருந்தது. சிறியவன் என்பதற்காக யாரும் திடலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

தோட்டத்துக் கணக்கில் வயது

நெகிரி செம்பிலான், 1896-இல் அமைந்த கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கனுள் ஒன்று. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூடும். கிராணி பெயர் கூப்பிடுவார். ஆண் கூலி, பெண் கூலி, சிறுவர் கூலி என மூன்று வகை. ஆக, தோட்டத்தில் பிள்ளையின் வயது முதலில் விளையாட்டுக்காகக் கேட்கப்படவில்லை, கூலிக்காகவே கேட்கப்பட்டது.

பள்ளிக்கும் வயதே அடிப்படையாயிற்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளியும் ஆசிரியரும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை பள்ளி வயதுக்குள் வருகிறதா இல்லையா என்பது, சிறு தோட்டம் ஒன்றில் பள்ளி உண்டா இல்லையா என்பதையே தீர்மானித்திருக்கும்! லாபு, பிராட்வால், சுவா பெத்தோங், லின்சம், கெர்பி, கெடிஸ், ஜெராம் பாடாங், ரீஜண்ட் எனத் தோட்டப் பெயர்களை நம் மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் சுமந்து நிற்பது இந்த வரலாற்றினால்தான்.

உழைப்புக்கும் பருவத்துக்கும் இடையே தெளிவான கோடு வர நாள் பிடித்தது. 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 14 வயது நிறையாதவரைச் சிறார் என்றும், அதற்குமேல் 16 நிறையாதவரை இளையோர் என்றும் வகுத்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கோடுகளை 15, 18 என உயர்த்தியது. இங்கு கோடு மேலே நகர நகரப் பிள்ளைக்கு நன்மை.

காகிதம் வந்தது

1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் 12 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவரும் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டியதாயிற்று. 'ஜப்பான்காரன் காலம்' என்று சொன்னவர்களும் ஓர் ஆண்டைச் சொல்லியாக வேண்டும். 1990-இல் 12 இலக்க எண் முறை வந்தபோது பிறந்த ஆண்டும் மாதமும் நாளும் எண்ணின் முதல் ஆறு இலக்கங்களாகவே அமைந்துவிட்டன. அதன்பின் போட்டிப் பட்டியல் சரிபார்ப்பது எளிதாயிற்று. எண்ணைப் பார்த்தாலே வயது தெரியும்.

ஆனால் எண்ணே இல்லாத பிள்ளையின் நிலை? வீட்டில் பிறந்து பதியப்படாமல் விடுபட்டவர்கள், பெற்றோரின் திருமணப் பதிவில் சிக்கல் உள்ளவர்கள், தத்துப் பிள்ளைகள் எனப் பல காரணங்களால் ஆவணமற்றவர்கள் நம் சமுதாயத்தில் இருந்தார்கள்; இருக்கிறார்கள். 2011-இல் இந்தியர்களுக்காக 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட்டதே இச்சிக்கலின் ஆழத்துக்குச் சான்று. அப்படிப்பட்ட பிள்ளையை வகுப்பில் கண்ட ஆசிரியர்கள் பலர் நம்மிடையே உண்டு. நன்றாக ஓடும். பள்ளி விளையாட்டு நாளில் பதக்கமும் பெறும். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது 'சூராட் பெரானாக்' எங்கே என்று கேட்பார்கள். அங்கே ஓட்டம் நின்றுவிடும். வயது கூடியதால் வெளியே நிற்பவன் ஒருவன். வயதை மெய்ப்பிக்க முடியாததால் வெளியே நிற்பவன் இன்னொருவன். இரண்டாமவனின் வலி பெரிது.

நகரும் கோடு

இனி உலக அரங்குக்கு வருவோம். சாப்ட்பால் எனும் மென்பந்தாட்டம் 1887-இல் அமெரிக்காவின் சிகாகோவில் தோன்றியது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகே இந்த மட்டையைத் தொடுகிறார்கள். ஆயினும் வயதுக் கோட்டின் கதையை இந்த ஆட்டமும் அதன் மூத்த சகோதரியான பேஸ்பாலும் தெளிவாகச் சொல்கின்றன.

1939-இல் தொடங்கிய 'லிட்டில் லீக்' சிறுவர் பேஸ்பால் அமைப்பு 1974-இல் சிறுமியருக்கான சாப்ட்பாலையும் ஏற்படுத்தியது. பேஸ்பாலில் வயதைக் கணக்கிடும் நாள் நெடுங்காலம் ஜூலை 31. அது 2006-இல் ஏப்ரல் 30 ஆயிற்று. 2018-இல் ஆகஸ்டு 31 ஆயிற்று. சாப்ட்பால் பிரிவிலோ ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 கணக்காகக் கொள்ளப்பட்டு வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் பேஸ்பாலும் தங்கை சாப்ட்பாலும் ஆடினால் இருவருக்கும் இருவேறு கோடு! இயற்கை போட்ட கோடு எதுவும் இல்லை, பெரியவர்கள் கூடிப் பேசிப் போட்டதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோடு என்றால் மீறலும் உண்டு. 1992-இல் லிட்டில் லீக் உலகப் போட்டியில் வென்ற பிலிப்பீன்சின் சம்போவாங்கா அணியினர், தகுதியற்ற ஆட்டக்காரர்களைச் சேர்த்ததற்காகப் பட்டத்தை இழந்தனர். 2001-இல் நியூயார்க்கின் பிரோங்ஸ் அணிக்காகப் பந்தெறிந்து வியக்க வைத்த டேனி அல்மோன்தே என்ற சிறுவன் 12 வயதினன் அல்லன், 14 வயதினன் என்பது பின்னர் தெரிந்தது. அணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன. தந்தையும் அணிப் பொறுப்பாளரும் வாழ்நாள் தடை பெற்றனர். பொய் சொன்னவர்கள் பெரியவர்கள். உலகமே பேசியது பிள்ளையின் பெயரை!

நட்சத்திரமா, கோடா?

ஆவணங்கள் யாவும் உண்மையாக இருந்தாலும் கோடு ஓர் அநீதியை உண்டாக்குகிறது. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடனாய்வாளர்களும் 1985-இல் பனிவளைக்கோல் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். அங்கு கோடு ஜனவரி முதல் நாள். சிறந்த அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருந்தனர். 2008-இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூல் இச்செய்தியைப் பரப்பியது. தேர்ந்த ஆட்டக்காரர்களில் பத்துக்கு நால்வர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ளும், பத்துக்கு ஒருவர் மட்டுமே அக்டோபர் முதல் டிசம்பருக்குள்ளும் பிறந்தவர்கள் என்பது அதில் வரும் கணக்கு.

ஜனவரியில் பிறந்தவர்களுக்கு நல்ல நட்சத்திரம் போலும் என்று நம்மவர் சொல்லக்கூடும். அதற்கும் விடை கிடைத்தது. 1997-இல் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் இளையோர் வயதுக் கோட்டை ஆகஸ்டு முதல் நாளிலிருந்து ஜனவரி முதல் நாளுக்கு மாற்றியது. பெல்ஜியத்தில் வெர்னர் ஹெல்சனும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தபோது, அதுவரை முன்னணியில் இருந்த ஆகஸ்டு, செப்டம்பர்ப் பிள்ளைகள் பின்தங்கி, ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் முன்னேறியது தெரிந்தது. பிள்ளைகளின் நட்சத்திரம் மாறவில்லை, கோடுதான் மாறியது.

காரணம் எளிது. ஒரே ஆண்டின் ஜனவரித் தொடக்கத்தில் பிறந்தவளும் டிசம்பர் இறுதியில் பிறந்தவளும் ஏட்டில் ஒரே வயது. உண்மையில் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. ஜனவரிப் பிள்ளை உயரமாக இருக்கிறாள், அணியில் சேர்க்கிறோம். சேர்த்ததால் பயிற்சி பெறுகிறாள். பயிற்சியால் மேலும் சிறக்கிறாள். அடுத்த ஆண்டு, "பார்த்தீர்களா, இயல்பிலேயே திறமைசாலி" என்கிறோம்.

நம் நாட்டில் இந்த விளைவு வகுப்பறைக்குள்ளும் வரக்கூடியது. 2003-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டப்பிரிவு, ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அவ்வாண்டில் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றது. அக்கணக்கில் ஜனவரி முதல் நாளில் பிறந்த பிள்ளை ஆறு நிறைந்த அன்றே முதலாம் ஆண்டுக்குரியதாயிற்று. மறுநாள் பிறந்த பிள்ளையோ ஏழை நெருங்கிய பிறகே வந்தது. எழுத்து பிடிபடாத பிள்ளையைப் 'பின்தங்கிய மாணவன்' என்று குறிக்குமுன் பிறந்த மாதத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மீண்டும் உடலுக்கே

வயது மோசடியைத் தடுக்க 2009 முதல் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியில் மணிக்கட்டைக் காந்தப் படம் எடுத்துப் பார்த்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியமும் சிறுவர் போட்டிகளுக்கு இடக்கை மணிக்கட்டின் எலும்பு வளர்ச்சியை ஊடுகதிர்ப் படத்தில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. தாத்தா காலத்தில் காதைத் தொடச் சொன்னார்கள். இப்போது கையைப் படம் எடுக்கிறார்கள். கருவி மாறியது, கேள்வி ஒன்றே. எலும்புக் கணக்கும் முற்றும் துல்லியமானதன்று. ஒரே நாளில் பிறந்த இருவரின் எலும்பு வளர்ச்சி ஒன்றாக இருப்பதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் வளர்ச்சிப் படிநிலைகளைப் பயின்றபோது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததும் இதுவே.

சிறிய பள்ளி கற்றுத் தரும் பாடம்

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள். அவற்றுள் பல, 150 மாணவருக்கும் குறைந்த சிறிய பள்ளிகள். நான் பணியாற்றிய அத்தகைய பள்ளி ஒன்றில் வலைப்பந்து அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஆறாம் ஆண்டில் இருந்த பெண் பிள்ளைகள் நால்வர். என்ன செய்வது? ஐந்தாம் ஆண்டிலிருந்து இருவர், நான்காம் ஆண்டிலிருந்து ஒருத்தி. டிசம்பரில் பிறந்தவளா, குட்டையானவளா என்று பார்க்க எங்களுக்கு வசதியே இல்லை. பெரிய பள்ளிகளிடம் தோற்றோம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நான்காம் ஆண்டுப் பிள்ளை ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது மூன்றாண்டு அனுபவம் உள்ள ஆட்டக்காரியாக நின்றாள். நூறு பேரில் எழுவரைப் பொறுக்கும் பள்ளியில் அவள் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பாள்.

ஆய்வாளர்கள் இன்று பரிந்துரைப்பது என்ன? சிறு வயதில் பொறுக்கி எடுக்காதீர்கள், எல்லாரையும் ஆடவிடுங்கள் என்பதே. ஆள் பற்றாக்குறையால் நம் தோட்டப் பள்ளிகள் அதைத்தான் செய்துவந்தன. உப்புக்குச் சப்பாணியும் அதைத்தான் சொன்னது.

நாம் செய்யக்கூடியவை

கோடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கோடு இல்லாவிட்டால் 15 வயதினன் 10 வயதினனை மோதித் தள்ளுவான். ஆனால் கோடு போட்டியை நடத்துவதற்குரிய ஏற்பாடு. பிள்ளையை மதிப்பிடும் அளவுகோலாக அதைக் கொள்ளலாகாது. எனவே:

1. அணித் தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். எல்லாரும் முதல் நான்கு மாதத்தினராக இருந்தால் மறுபடி பாருங்கள்.

2. பள்ளி அளவில் இரண்டாம் அணி ஒன்றையும் பயிற்றுங்கள். ஆண்டிறுதியில் பிறந்தவர்கள் அங்கே வளரட்டும்.

3. பெற்றோர்களே, பிள்ளை பிறந்ததும் தாமதியாமல் பதியுங்கள். பதிவில் சிக்கல் இருந்தால் ஆறாம் ஆண்டு வரை காத்திராமல் முதலாம் ஆண்டிலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

4. வெற்றிக்காகப் பிள்ளையின் வயதில் ஒரு நாளைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. அந்தப் பொய்யைச் சுமக்கப் போவது பிள்ளைதான்.

5. ஆவணம் இல்லாத பிள்ளைக்கு மாவட்டப் போட்டியில் இடம் கிடைக்காவிட்டாலும், பள்ளித் திடலில் ஓடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அங்கே அவன் பெயரை உரக்கச் சொல்லிக் கைதட்டுங்கள். அதே வேளையில் அவன் ஆவணத்துக்காகப் பெற்றோருடன் பதிவிலாகாவின் படியேறுங்கள்.

உங்கள் பள்ளியிலும் தோட்டத்திலும் வயது கணக்கிட்ட பழைய வழக்கங்கள் வேறு இருந்தால், மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவையும் நம் கல்வி வரலாறே.