மலைநாடும் மாற்றெரிபொருளும்: ஒரு வரலாற்று நோக்கு

மடுல்கெல்ல என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்பது காட்டைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகும். இன்று அவ்வூரைச் சூழ்ந்து காணப்படுவது பெரும்பாலும் தேயிலையே. பெயரில் நிலைத்த காடு நிலத்தில் நிலையாதொழிந்தது யாங்ஙனம் என்னும் வினா, எரிபொருள் வரலாற்றோடும் தொடர்புடையது. தாவரத்தினின்றும் கழிவினின்றும் எரிபொருள் பெறுதல் இக்காலப் புதுமையெனப் பலர் கருதுவர். உண்மையில் அது பலமுறை கைக்கொள்ளப்பட்டுப் பலமுறை கைவிடப்பட்டதொரு முயற்சியாகும். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களின் பொருட்டு மலைச்சாரற் காடுகள் வெட்டித் தீயிடப்பட்டன. பின்னர்த் தேயிலை வந்தது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் அதனைத் தோட்டப் பயிராக்கினார். பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய முக்காற் பங்கு நீராகும். தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையில் அந்நீர் வெப்பத்தால் நீக்கப்படும். ஒரு கிலோகிராம் தேயிலையை ஆக்க, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் வரை விறகு வேண்டும். நக்கிள்ஸ் மலைக்காட்டினுள் ஏலக்காய் உலர்த்தியோரும் அக்காட்டு மரங்களையே எரித்தனர். 2000ஆம் ஆண்டிலேயே அம்மலைக்காடு பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வெட்டியதற்கு ஈடாக நடுதல் வேண்டும் என்னும் எண்ணம் முற்காலத்தில் வலிமை பெறவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. மதுரையில் ரி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் பேருந்துகளுக்குக் கரிவாயுக் கலங்களை ஆக்கியது. குறைந்த காற்றில் அடுப்புக்கரி எரியுமிடத்துக் காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கும். அதனைத் தூய்மைசெய்து எஞ்சினுட் செலுத்தினர். ஐரோப்பாவிலும் இலட்சக்கணக்கான வண்டிகள் இம்முறையால் ஓடின. போர் முடிந்து பெற்றோல் கிடைத்ததும் அக்கலங்கள் கழற்றி எறியப்பட்டன. சாம்பல் அகற்றுந் தொல்லையும், எஞ்சினின் வலு குறைதலும், வாயுவின் நச்சுத் தன்மையும் அதற்குக் காரணங்களாம். அவை நியாயமான காரணங்களே. ஆயினும் கலங்களோடு அவற்றைத் திருத்தி மேம்படுத்தும் முயற்சியும் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

கழிவின் வரலாறும் இத்தகையதே. 1897ஆம் ஆண்டளவில் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் மலக்கழிவினின்று வாயு பெறப்பட்டது. ஒட்சிசன் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க, எரியக்கூடிய மெதேன் வெளிப்படும். எஞ்சிய குழம்பு நல்லுரமாகும். 1950களில் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் மூடியுடைய சாணவாயுக் கலத்தை அமைத்தார். கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதனை இந்தியக் கிராமங்களிற் பரப்பியது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர் இலங்கையும் இத்துறையில் நாட்டஞ் செலுத்தியது. 1974இல் தோன்றிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலினின்று வாயு பெறும் முறையொன்றை உருவாக்கியது. எனினும் கட்டப்பட்ட கலங்கள் பல, மாடுகள் குறைந்தமையாலும் பழுதுபார்ப்பாரின்மையாலும் பயனற்றுக் கிடந்தன. கட்டுவதற்குக் கிடைத்த உதவி பேணுவதற்குக் கிடைத்திலது.

மூன்றாவது சான்று கிளிரிசிடியா. யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்னும் இம்மரம் மத்திய அமெரிக்காவினின்று வந்தது. கண்டிப் பகுதியில் வேலியாகவும், மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் அதனைக் காணலாம். வெட்ட வெட்டத் தளிர்க்கும் இயல்பினது, வேர்முடிச்சுகளால் மண்ணுக்கு நைதரசன் அளிப்பது, இலை பசளையாகவும் கால்நடைத் தீனியாகவும் பயன்படும், தடி விறகாகும். பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010) இதனை எரிபொருட் பயிராக வளர்க்குமாறு பல்லாண்டு வலியுறுத்தினார். 2005ஆம் ஆண்டு அரசாங்கம் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை அடுத்து இதனை நான்காம் பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. காட்டு மரத்தை வெட்டி எரிப்பது முதலை உண்பது போலாம். நட்டு வளர்த்த கிளையைத் தறித்து எரிப்பது வட்டியை உண்பது போலாம். இவ்வேறுபாட்டை உணராதார் தாவர எரிபொருளைப் போற்றுதலும் தவறு. அதனைப் பழித்தலுந் தவறு.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இவ்வுண்மையை எல்லார்க்கும் உணர்த்தியது. பெற்றோல், டீசல், சமையல்வாயு என்பன கிடையாது மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பேருந்துகள் ஓடாமையாற் பாடசாலைகளும் மூடப்பட்டன. வாயு அடுப்பை நம்பியிருந்தோர் விறகை நாடினர். தோட்ட லயங்களிலோ விறகுச் சுமையும் அடுப்புப் புகையும் பெண்களுக்கு என்றும் உரியனவாயிருந்தன. நகரத்தார் சில மாதங்கள் பட்ட துன்பம் அவர்களுக்கு நாளாந்த வாழ்வாகும். புகையில்லா அடுப்பும், மாட்டுச்சாணத்தால் இயங்கும் வாயுக்கலமும், லயத்தருகே நட்ட விறகுத் தோப்பும் அவர்களுக்கே முதற்கண் வேண்டற்பாலன.

ஆகவே வரலாறு காட்டும் முடிபு ஒன்றே. தட்டுப்பாடு பிறப்பித்த முயற்சி தட்டுப்பாட்டோடு மறைந்தது. அறிவு குறைந்தமையால் அன்று, பேணுதல் குறைந்தமையால். நட்ட மரம் விறகாக ஆண்டுகள் சில செல்லும். வரிசையில் நிற்கும் நாளில் நடத் தொடங்குதல் பயன்தராது. எண்ணெய் எளிதிற் கிடைக்குங் காலமே மாற்றெரிபொருளுக்கு வித்திடுங் காலம். விஞ்ஞானங் கற்கும் நம் மாணவர் கலத்தை அமைப்பதோடு நில்லாது, பத்தாண்டின் பின்னும் அது இயங்குமாறு காப்பதையும் தங்கடனாகக் கொள்வாராக.