சாரல் வளர்த்த குற்றாலம்

அமெரிக்கப் பேரேரிகளைக் கடக்கும் குளிர்காற்று நீராவியை முகந்து, பஃபலோ நகரில் பனியாகக் கொட்டுகிறது. அரபிக்கடலைக் கடந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்றோ மேற்குத் தொடர்ச்சி மலையேறிக் குளிர்ந்து, கேரளத்தில் பெருமழையாகிறது. எஞ்சிய ஈரம் ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, சூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகத் தூவுகிறது.

சிற்றாறு பெருகினால் கார் நெல் விளையும். அருவி விழுந்தால் கடைத்தெரு வாழும். சாரல் பொய்த்தால் இரண்டும் வாடும்.

18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இம்மலைவளத்தைக் குறவஞ்சியாக்கினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றது. ரசிகமணி டி.கே.சி.யும் (1882-1954) குற்றாலத்தையே தம் உறைவிடமாகக் கொண்டார்.

எனினும், 2024 மே 17 அன்று, பருவம் தொடங்குமுன்னரே பழைய குற்றால அருவியில் பாய்ந்த திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் கவர்ந்தது. அருவியைப் பாடுவோர் மலையின் சீற்றத்தையும் அறிந்து பாடுதல் கடன்.